மேல் பெர்த்தும் எட்டு விடைகளும்

கணவன் மனைவி பேச்சுக்கு இலக்கணம் உண்டா? உண்டு. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலில் இருக்கிறது. வினா ஆறு வகை, விடை எட்டு வகை என்று சொல்லதிகாரத்தின் பொதுவியலில் அவர் வகுத்து வைத்தார். பள்ளியில் அதை மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டோம். அதன் அருமை தெரிவது, இரண்டு பேர் சேர்ந்து ஊருக்குக் கிளம்பும் நாளில்தான்.

முதலில் வினா. பயண நாளில் ஆறும் தவறாமல் வந்துவிடும். சாவி மேசைமேல் கிடப்பதைப் பார்த்துவிட்டே "சாவியை எடுத்துக்கிட்டீங்களா?" என்பது அறிவினா. "வண்டி எந்த பிளாட்பாரம்?" என்பது அறியா வினா. தெருமுனை தாண்டியதும் "கேஸை மூடினோமா, இல்லையா?" என்பது ஐய வினா. விழுப்புரத்தில் சன்னல் வழியே "இட்லி இருக்கா?" என்பது கொளல் வினா. எதிர் சீட்டுப் பையனிடம் "சாப்பாடு கொண்டு வரலையா தம்பி?" என்று கேட்டுக்கொண்டே பொட்டலத்தைப் பிரிப்பது கொடை வினா. "பால்காரர்கிட்ட சொல்லியாச்சா?" என்பது, உடனே போய்ச் சொல்லுங்கள் என்ற ஏவல் வினா.

அடுத்து விடை. "செருப்பு எங்கே?" என்றால் "அதோ" என்பது சுட்டு விடை. மற்ற ஏழுக்கும் ஒரே கேள்வி போதும்: "மேல் பெர்த்துல நீ படுத்துக்கிறியா?"

"மாட்டேன்" என்றால் மறை. "படுத்துக்கறேன்" என்றால் நேர். "நீங்களே படுங்க" என்றால் ஏவல். "படுக்காம, விடிய விடிய நின்னுகிட்டா வருவேன்?" என்றால் வினா எதிர் வினாதல். "போன தடவை ஏறினதுல முட்டி வீங்கிடுச்சு" என்றால் உற்றது உரைத்தல். "இறங்கும்போது விழுந்துடுவேன்" என்றால் உறுவது கூறல். "கீழ் பெர்த்துன்னா படுத்துக்கறேன்" என்றால் இனமொழி.

சுட்டு, மறை, நேர் மூன்றும் வெளிப்படையான விடைகள். மீதி ஐந்தும் குறிப்பால் விடையாகின்றன. அவற்றையும் பவணந்தியார் விடை என்றே ஏற்றார். கேள்வியாகத் திரும்பி வந்தாலும் அது விடைதான் என்று அவருக்கு முன்பே தொல்காப்பியரும் கிளவியாக்கத்தில் சொல்லிவிட்டார். அதற்காக எதைச் சொன்னாலும் விடை ஆகிவிடாது. தில்லைக்கு வழி கேட்டவனிடம் காளையின் விலையைச் சொல்வது வழு என்று உரைகள் காட்டுகின்றன. முட்டி வலி அப்படியல்ல. அது மேல் பெர்த்தைப் பற்றிய பேச்சே.

எழும்பூரிலிருந்து மதுரை போகும் இரவு வண்டியில் ஒருமுறை என் பெற்றோருடன் போனேன். அவர்களுக்குக் கிடைத்தவை நடு பெர்த் ஒன்று, மேல் பெர்த் ஒன்று. அப்பா கேட்டார். அம்மா முட்டி வீங்கிய கதையைச் சொன்னார். அப்பா மறுபேச்சு பேசவில்லை. கீழ் பெர்த் இளைஞரிடம் திரும்பி, "தம்பி, நீங்க மேலே போயிக்கிறீங்களா?" என்றார். அவர் பையை எடுத்து மேலே போட்டார். ஐந்து நிமிடத்தில் அம்மா போர்வையை உதறி விரித்துவிட்டார்.

பக்கவாட்டு சீட்டில் புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு தம்பதி. "நாளைக்கு எங்க சித்தி வீட்டுக்குப் போலாமா?" என்றார் கணவர். "காலையிலேர்ந்து தலை வலிக்குது" என்றாள் அந்தப் பெண். "நான் கேட்டது அது இல்லை. வர்றியா, வரலியா?" மூன்றாவது தடவை கேட்டதும் "வர்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி திண்டிவனம் தாண்டியும் திரும்பவில்லை.

அவருக்குக் கிடைத்தது நேர் விடை. ஆனால் உண்மையான விடை முதலில் வந்ததுதான். "மாட்டேன்" என்ற சொல் முடிவை மட்டும் தரும். "முட்டி வீங்கிடுச்சு" என்ற சொல் முடிவையும் அதன் காரணத்தையும் சேர்த்துத் தரும். என்ன செய்தால் சரியாகும் என்ற வழியும் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்பா கீழ் பெர்த்தைத் தேடியது அதனால்தான். முன்பின் தெரியாதவர்களிடம் நாம் மூன்று விடைகளோடு நின்றுவிடுகிறோம். சேர்ந்து வாழ்கிறவர்களிடம்தான் மீதி ஐந்தையும் நம்பி ஒப்படைக்கிறோம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, கேட்டதற்கு ஆமாம், இல்லை என்று பதில் வராவிட்டால் மறுபடி கேட்காதீர்கள். பதில் வந்துவிட்டது. கீழ் பெர்த் கிடைக்குமா என்று பாருங்கள்.