ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டைத் தெருக்களில் நடந்தால் இவரைப் பார்த்துவிடலாம். முழுதாகப் பார்க்க முடியாது; இடுப்புக்கு மேல் காருக்கு அடியில் இருக்கும். மடித்துக் கட்டிய லுங்கியும் இரண்டு கால்களும் மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். பால்காரர் வண்டியை ஒதுக்கி ஓட்டிப் போகிறார். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "பன்னெண்டு எடு... அது இல்லடா, ரிங் ஸ்பேனர்!"

வாரத்தின் மற்ற நாட்களில் இவர் அரசு அலுவலகத்துக் கண்காணிப்பாளர். இல்லாவிட்டால் பள்ளி ஆசிரியர். அதுவும் இல்லாவிட்டால் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன் வாங்கும் சொல்தா. ஞாயிறு மட்டும் மெக்கானிக். வண்டி பெரும்பாலும் பி.ஒய்.01 நம்பர் போட்ட மாருதி 800. அந்தக் காரின் உற்பத்தியை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். இவரை நிறுத்தத்தான் ஆளில்லை.

இன்றைய வேலை சுலபமானது. சைலன்சர் இணைப்பில் இரண்டு போல்ட்டைக் கழற்றி, கேஸ்கட்டை மாற்றி, திரும்ப முடுக்க வேண்டும். "அரை மணி நேர வேலை, இதுக்குப் போய் காசைக் கொட்டுவானா?" என்று முந்தைய நாளே வீட்டில் அறிவித்துவிட்டார். பதினோரு மணிக்கு விழுப்புரத்தில் காதுகுத்து.

ஆனால் புதுச்சேரியில் போல்ட்டைப் பூட்டுவதுதான் மனிதன். பூட்டியதைக் காவல் காப்பது கடல். உப்புக்காற்று இரும்பின் மேல் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துத் துருவை விரைவுபடுத்துகிறது. இரும்பு துருவானால் முன்பு இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மரைக்குள் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? நட்டும் போல்ட்டும் ஒன்றையொன்று இறுகக் கவ்விக்கொள்கின்றன. சைலன்சர் போல்ட் தினமும் சூடாகி ஆறுவதால் அதன் நிலைமை இன்னும் மோசம். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர்ப் பக்கம் அந்தத் தண்ணீரில் நின்ற காரென்றால் கேட்கவே வேண்டாம்.

இவருக்கு இதெல்லாம் தெரியும். டபிள்யூ.டி.40 டப்பா கையில் இருக்கிறது. 1953-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஈரத்தை விரட்டத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள், நாற்பதாவது முயற்சியில்தான் சரியாக வந்தது என்ற கதையை மகனுக்குச் சொல்லியபடியே, தீர்த்தம் தெளிப்பதுபோல் நாலு துளி தெளிக்கிறார். எண்ணெய் மரைக்குள் இறங்க ஒரு ராத்திரியாவது வேண்டும். இவர் கதை முடிவதற்குள் ஸ்பேனரை மாட்டிவிடுகிறார்.

இவருடைய ஸ்பேனர்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பாதி மாமனாரின் அம்பாசடர் காலத்தவை, இஞ்சு அளவு. மீதி ஞாயிறு சந்தையில் பழைய சாமானோடு பேரம் பேசி வாங்கியவை, மில்லிமீட்டர் அளவு. 1898-ல் சூரிச்சில் கூடி மெட்ரிக் மரைக்குப் பொது அளவு வகுத்தபோது பிரெஞ்சு மரையைத்தான் அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். அந்தப் பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் மனையை இன்னும் 576 சதுர அடிக் குழிக் கணக்கில்தான் விற்கிறோம். ஸ்பேனரை மட்டும் குறை சொல்வானேன்? அரை இஞ்சு என்றால் 12.7 மில்லிமீட்டர். மாருதியின் 12 மில்லிமீட்டர் தலையில் அதை மாட்டினால் 0.7 மில்லிமீட்டர் ஆட்டம். ஒரே இழுப்பில் போல்ட் தலையின் ஆறு மூலையும் மழுங்கி மொட்டையாகிறது.

"வழுக்கிடுச்சு" என்கிறார், போல்ட்டின் மேல் பழியைப் போட்டு.

அடுத்து பிளம்பர் விட்டுப்போன ஜி.ஐ. பைப். மொட்டைத் தலையை வைஸ் கிரிப்பால் கவ்வி, அதன் பிடியில் பைப்பைச் செருகுகிறார். எட்டு மில்லி போல்ட்டை முடுக்க ஏறக்குறைய 25 நியூட்டன் மீட்டர் போதும். அரை மீட்டர் பைப்பின் நுனியில் இருபது கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால் கிட்டத்தட்ட நூறு. அதையும் எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் குழப்பம்: மல்லாந்து படுத்து, நட்டுப் பக்கமிருந்து பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து, "அண்ணே, முடுக்குறீங்களே!" என்கிறார். சொல்லி முடிப்பதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். முதல் போல்ட் இரண்டாகிவிட்டது.

இரண்டாவது வேறு ஜாதி. கழன்று வருகிறது என்று இவர் முகம் மலர, அது வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் வெளியே வரவில்லை. பின்னால் இருக்கும் நட்டும் சேர்ந்தே சுற்றுகிறது. உடனே குடும்பம் முழுவதும் பணியில் இறங்குகிறது. மகன் அந்தப் பக்கம் ஸ்பேனரால் நட்டைப் பிடிக்க, மனைவி டார்ச் அடிக்க, இவர் கட்டளையிடுகிறார். நட்டைப் பிடித்தும் போல்ட் சும்மா சுற்றுகிறது; மரை தேய்ந்துவிட்டது. போல்ட் தலைக்கு அடியில் திருப்புளியைச் செருகி வெளிப்பக்கமாக நெம்பியபடியே திருப்பினால், தேய்ந்த மரையும் சில சமயம் பிடித்துக்கொள்ளும். நல்ல உபாயம்தான். ஆனால் நெம்புவதற்கு மூன்றாவது கை வேண்டும்.

"ஏங்க, மணி பத்தாகுது. நாங்க பஸ்ல போயிக்கவா?"

காதுகுத்துக்கு அவர்கள் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தார்கள். இவர் போகவில்லை.

திங்கட்கிழமை மெக்கானிக் குனிந்து பார்க்கிறார். "யாரு சார் கை வெச்சது?"

"பக்கத்து வீட்டுப் பையன். சொன்னாக் கேக்க மாட்டேன்னுட்டான்."

மெக்கானிக் சிரிக்கவில்லை, தொழில் தர்மம். சுற்றும் நட்டை உளி வைத்து வெட்டி எறிகிறார். உடைந்த முளையின் மேல் ஒரு புது நட்டை வைத்து வெல்டு அடிக்கிறார். அந்தச் சூட்டில் துருவின் பிடி விட்டுப்போகிறது. கொஞ்சம் ஆறவிட்டு ஸ்பேனர் போட்டதும் முளை சத்தமில்லாமல் கழன்று வருகிறது. "நானும் இதைத்தான் பண்ணலாம்னு இருந்தேன், வெல்டிங் மெஷின்தான் இல்ல" என்கிறார் நம்மவர். இந்தப் பேச்சுக்கு அடுத்த வாரம் என்ன அர்த்தம் என்று அவர் மனைவிக்குத் தெரியும்.

இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலும் இருந்தால் தடுத்துப் பயனில்லை. சனிக்கிழமை ராத்திரியே மரையில் எண்ணெய் விடச் சொல்லுங்கள். இஞ்சு ஸ்பேனர்களைப் பரணில் ஏற்றிவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுத்திருந்தால் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டு, ஸ்டாண்டு வைத்த பிறகே மறுபடி உள்ளே விடுங்கள்.