கலையும் கல்யாணப் பத்திரிகையும்

கேள்வி: ஓவியக் கல்லூரி முடித்த என் மகன், 'கலையை விற்க மாட்டேன்' என்கிறான். பிழைத்துக்கொள்வானா?

பதில்: கலையை விற்க வேண்டாம், துணியை விற்கட்டும்! 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய சென்னை ஓவியக் கல்லூரிச் சீடர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். ஜமீன் சொத்தில் அல்ல. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்ற காசில் மணல்காட்டில் நிலம் வாங்கினார்கள். ஓவியத்தை இஷ்டத்துக்கு வரைந்தார்கள். புகழ்பெற்ற ஓவியர் எம்.எஃப். ஹுசேன் பம்பாயில் சினிமா பேனர் வரைந்தவர். அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் நியூயார்க்கில் செருப்பு விளம்பரத்துக்குப் படம் போட்டவர். இருவர் மானமும் போகவில்லை.

கல்யாணப் பத்திரிகை வரையச் சொல்லி யாராவது வந்தால் மறுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாதிப் பணம் அட்வான்ஸ். வந்தவர் சொந்தக்காரர் என்றால் முழுப் பணமும் அட்வான்ஸ்!