கேஷ் கிளியர் மாமா

சென்னைப் புறநகர் அடுக்குமாடி எதற்குள் நுழைந்தாலும் கேஷ் கிளியர் மாமா ஒருவர் இருப்பார். அறுபதைத் தாண்டியிருப்பார். கம்ப்யூட்டர் படித்தவரில்லை. ஏதோ ஒரு அலுவலகத்தில் முதல் கம்ப்யூட்டர் வந்திறங்கிய நாளில் அதன் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தவர். உறை பிரித்த அந்த உரிமையில்தான் இன்றுவரை ஆலோசனை வழங்கி வருகிறார்.

"மாமா, பேங்க் சைட் திறக்க மாட்டேங்குது."

"என்ன காட்டுது?"

"ஏதோ இங்கிலீஷ்ல நாலு வரி…"

"அதையெல்லாம் படிச்சுக்கிட்டு இருக்காதே. இதோ வந்துட்டேன்."

அவருடைய தொழிலே அந்த 'படிக்காதே'யில்தான் நடக்கிறது. நாலு வரியையும் யாராவது படித்துவிட்டால் பாதி நாள் மாமா வீட்டில் சும்மா உட்கார வேண்டியதுதான்.

வந்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்வார். இனி திரையில் எதுவும் தெரியாது என்று உறுதியான பிறகே வேலை ஆரம்பம். கண்ட்ரோல், ஷிஃப்ட், டெலீட் மூன்றையும் ஒரே அமுக்கு. 'ஆல் டைம்' என்று ஒரு சொடுக்கு. பிரவுசர் சேர்த்து வைத்திருந்த கேஷ், குக்கீ, ஹிஸ்டரி எல்லாம் காலி. அந்தக்கால தர்மாஸ்பத்திரி கம்பவுண்டர் எல்லா நோய்க்கும் ஊற்றிக் கொடுத்த சிவப்பு மிக்சர் மாதிரி, மாமாவுக்குக் கைவந்த மருந்து இது ஒன்றுதான். நியாயமாகச் சொன்னால் சில சமயம் கேட்கும். பழைய குக்கீயால் பக்கம் தன்னைத்தானே சுற்றிச் சுற்றித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் இதுவே சரியான வைத்தியம். மற்ற சமயங்களில், குக்கீ போனதால் மின்னஞ்சல், ரயில் டிக்கெட், கேஸ் புக்கிங் எல்லாவற்றிலிருந்தும் வீட்டுக்காரர் வெளியே தள்ளப்படுவார். பாஸ்வேர்டு ஒன்றும் ஞாபகம் இருக்காது. மறுபடி மாமா வர வேண்டும். அடுத்த வாரத்து வேலையை இந்த வாரமே விதைத்துவிட்டுப் போகிறவர் அவர்.

முகவரிப் பெட்டியில் முகவரி எழுதலாம் என்பதை மாமா ஏற்றுக்கொண்டதே இல்லை. முழுப் பழியையும் அவர்மேல் போட முடியாது. 2008 செப்டம்பரில் குரோம் வந்தபோது, முகவரி எழுதும் இடத்தையும் தேடும் இடத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள். என்ன தட்டினாலும் ஏதோ ஒன்று வந்து நிற்கும். மாமா முதலில் அந்தப் பெட்டியில் 'கூகுள்' என்று தட்டி கூகுளுக்குப் போவார். அங்கே பேங்கின் பெயரைத் தட்டுவார். முதலில் வருவதை அமுக்குவார்.

"மாமா, அதுமேல விளம்பரம்னு சின்னதா போட்டிருக்கே?"

"பெரிய பேங்க்மா. விளம்பரம் பண்ணாம இருப்பானா?"

எப்போதோ தப்பாகத் தட்டிய முகவரி ஒன்று, முதல் எழுத்தைத் தொட்டவுடனே முந்திக்கொண்டு வந்து நிற்கும் தொல்லை எல்லா வீட்டிலும் உண்டு. அம்புக்குறியால் அந்த வரிக்கு இறங்கி ஷிஃப்டும் டெலீட்டும் அமுக்கினால் அது ஒன்று மட்டும் போய்விடும். மாமா அதற்கும் மொத்த ஹிஸ்டரியையும் அழிப்பார். சில்லறை வேலை அவருக்குப் பிடிக்காது.

பூட்டுச் சின்னத்தில்தான் அவருக்கு அபார நம்பிக்கை. "பூட்டு இருக்கா? கண்ணை மூடிக்கிட்டு பணம் கட்டு." நம் கம்ப்யூட்டருக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகிற பேச்சை வேறு எவனும் ஒட்டுக்கேட்க முடியாது, பூட்டு சொல்வது அவ்வளவுதான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லவில்லை. அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு 2015 கடைசியிலிருந்து எல்லோருக்கும் இலவசமாகவே தருகிறது. திருடனும் எல்லோரில் ஒருவன்தானே! ஜனங்கள் பூட்டைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கூகுளே 2023 செப்டம்பரில் கணினிக் குரோமில் அதை எடுத்துவிட்டு, இரண்டு கோடும் இரண்டு பொட்டுமாக ஒரு சின்னத்தை வைத்தது. அந்த வாரம் மாமா பட்ட பாடு! பூட்டு களவு போய்விட்டதென்று வீடு வீடாகப் போய் குரோமை அழித்து மறுபடி ஏற்றினார். புதிதாக ஏற்றியதிலும் பூட்டில்லை. கடைசியில் மொத்தக் குடியிருப்பும் ஃபயர்ஃபாக்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பூட்டு இருந்தது.

அவருடைய உச்சகட்ட சாதனை இரண்டாம் மாடி ரிடையர்டு டீச்சர் வீட்டில் நடந்தது. பழைய டெஸ்க்டாப். எந்தத் தளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பு எச்சரிக்கை. மாமா கேஷை அழித்தார். ரவுட்டரை அணைத்து ஏற்றினார். ஆன்டிவைரஸைக் கழற்றினார். கேபிள்காரப் பையனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். பிறகு வீரம் வந்து 'அட்வான்ஸ்டு' அமுக்கி, ஆபத்து என்று போட்டிருந்த வழியிலேயே உள்ளே போகப் பார்த்தார். பேங்க் தளத்தில் அந்த வழியே இல்லை. பாதுகாப்பான இணைப்பில்லாமல் யாரையும் உள்ளே விடாதே என்று சில தளங்கள் பிரவுசருக்கு முன்கூட்டியே கட்டளை போட்டிருக்கும். மாமா அதைத் தனக்கு நேர்ந்த அவமரியாதையாக எடுத்துக்கொண்டார்.

டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். "சார், உங்க கடிகாரம் பின்தங்கி இருக்குன்னு எழுதியிருக்கே?"

"அது பொதுவா அப்படித்தான் டீச்சர் சொல்லும்."

திரையின் மூலையில் 2009 ஜனவரி 1 என்றிருந்தது. மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் போய் வந்ததும் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை என்று ஆயுள் உண்டு. 2009-ல் நிற்கிற கம்ப்யூட்டருக்கு, இன்றைய சான்றிதழ் எதுவும் இன்னும் பிறக்கவே இல்லை. டீச்சர் தேதியைத் திருத்தினார். எல்லாம் திறந்தது. "நான் அத்தனையும் கிளியர் பண்ணி வெச்சதாலதான் இது எடுபட்டுச்சு" என்று சொல்லிவிட்டு, காபியையும் குடித்துவிட்டே மாமா கிளம்பினார்.

அவரைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் வருகிற மனிதர் வேறு யார் இருக்கிறார்? கூப்பிடுவதற்கு முன், திரையில் இருப்பதை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். தேதியைப் பாருங்கள். பேங்க் முகவரியை எழுத்துப் பிசகாமல் ஒருமுறை தட்டி, புக்மார்க் செய்துகொள்ளுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் மாமாவுக்குச் சொல்லியனுப்பலாம். அவர் படியேறி வருவதற்குள் பாஸ்வேர்டு எழுதி வைத்த டைரியைத் தேடி எடுத்துவிடுங்கள்.