எண்ணெய் படாத பரங்கிக்காய்

லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் திருப்பதி. அங்கே நெய்யில் பொரித்த பூந்தியைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டவர்கள், வீட்டுக்கு வந்ததும் ஏர் ஃப்ரையரைத் தட்டிவிடுகிறார்கள். பிரசாதத்தின் கொழுப்பு கணக்கில் வராது, பத்தியமெல்லாம் பரங்கிக்காய்க்குத்தான்.

2010-இல் பிலிப்ஸ் சந்தைக்குக் கொண்டுவந்த சாதனம். பெயர்தான் பெரிது; உள்ளே இருப்பது ஒரு சூட்டுக்கம்பி, ஒரு விசிறி. சித்தூரில் மே மாத மத்தியானம் மொட்டை மாடிக்குப் போனால் முதலாவது இலவசம்.

பரங்கிக்காயில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். 180 டிகிரியில் 20 நிமிடம் சுழற்றினால் ஓரம் சிவக்கும், நடு குழையும். சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பு மட்டும் வரவே வராது. கூடையில் அடைத்துப் போட்டால் ஆவியில் வெந்த காய்தான். துண்டுகளை ஒட்டாமல் பரப்பினால் கொஞ்சம் தேவலை, ஆனால் ஐந்து பேர் வீட்டுக்கு மூன்று தவணை ஆகும். இரண்டாவது தவணைக்குள் மாமியார் புளி கரைத்து, வெல்லம் தட்டிப் போட்டு, புலுசை இறக்கிவிடுவார்.

"உன் மிஷின்ல வெந்ததையும் இதுல கொட்டிடும்மா, வீணாப் போவ வேணாம்."