சட்டம் இருக்கிறது, கக்கூஸ் இல்லை

வளரும் நாடுகளில் சட்டத்தின் ஆட்சியும் மனித உரிமையும் தழைக்கப் பணக்கார நாடுகள் மாநாடு கூட்டுகின்றன, நிதி ஒதுக்குகின்றன, கையேடு அச்சிடுகின்றன. அந்தக் கையேடு ஏதும் கோலார் தங்கவயல் பக்கம் வந்ததோ என்னவோ.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் இழுத்து, பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் இறங்கிய ஊர் இது. தொழிலாளர் குடியிருப்பின் எடுப்புக் கக்கூஸுக்குத் தண்ணீர் கொண்டுவர மட்டும் பொறியியல் போதவில்லை. அதற்குத்தான் சாதி இருந்ததே!

1993-இல் மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்குத் தடைச் சட்டம் வந்தது. கூடவே ஒரு வசதியும் வந்தது: சட்டம் தடுத்த பிறகு அது எப்படி இருக்கும்? ஆகவே இல்லை. இங்கே பிறந்த, இந்த வேலையை ஒழிக்கப் போராடும் பெஜவாடா வில்சன், இருப்பதைப் படம்பிடித்துக் காட்ட வேண்டியதாயிற்று. 2003-இல் இது குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது மாநிலங்கள் பலவும் 'இல்லை' என்றே சாதித்தன. தீர்ப்பு வந்தது 2014-இல்.

வழக்குக்கு முன்பே, 2001 டர்பன் இனவெறி எதிர்ப்பு மாநாட்டில், சாதியை அங்கே பேசக் கூடாது, அது எங்கள் வீட்டு விவகாரம் என்றது இந்திய அரசு. 2016-இல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது. பெருமைக்கு மட்டும் வெளிநாடு ஆகும்!

நிதி தரும் கனவான்களே, இனி கையேடுகளைக் குறைத்து கேமராக்களை அனுப்புங்கள். சட்டம் எங்களிடம் ஏராளம். பெரும்பாலும் பயன்படுத்தாத புதுச் சரக்கு. வேண்டுமானால் ஏற்றுமதியே செய்கிறோம்.