பங்குனித் தண்ணியும் ரப்பர்த் தவளையும்

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தப் பெட்டிய நிழல்ல வையி. கனடாவுலேருந்து வந்த சாமான், நம்ம ஊரு வெயிலு அதுக்குப் புதுசு. வெலைய உங்கப்பன் சொன்னான். அந்தக் காசுக்கு ஒரு பசுமாடு வாங்கியிருக்கலாமேன்னு தோணுச்சு, ஆனா மாட்டைத் தோள்ல மாட்டிக்கிட்டு போட்டோ எடுத்துக்க முடியாதுதான். வாங்கினது வாங்கியாச்சு. சக்கரம் வச்ச கம்புல மாட்டுனா மீனுக்கும் ஒரு கௌரவம்.

ராத்திரி நீ உங்க அப்பாயிக்கிட்ட அளந்துக்கிட்டிருந்ததையெல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் படுத்திருந்தேன். குறட்டை விட்டேன்னு நெனச்சியா? அது ஒட்டுக் கேக்குறதுக்குன்னே விடுற குறட்டை. அங்க ஏப்ரல் மே மாசந்தான் ஏரி மேல கட்டுன பனி உருகுமாம். தண்ணி நாலு டிகிரியிலதான் ரொம்பக் கனமா இருக்குமாம். அதனால கனத்த தண்ணி அடியில தங்கிக்க, ஐஸு மேல மெதக்க, நடுவுல மீனு உசுரோட கெடக்குமாம். பனி வெலகுனதும் வெயில் படுற ஆழமில்லாத ஓரந்தான் முதல்ல சூடாகுமாம். அந்தச் சூட்டைத் தேடி மீனு கரைக்கு வருமாம், மத்தியானம் போனா நல்லா எடுக்குமாம். அத்தனையும் நெசந்தான். முட்டை விடுற காலத்துல வால்ஐ மீனைத் தொடக் கூடாதுன்னு பல ஏரியில சட்டம் வச்சிருக்காங்கன்னு சொன்னியே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா அந்தப் பாடத்தை அப்படியே மூட்டை கட்டிக்கிட்டு வந்து, நாளைக்கு உச்சி வெயில்ல நம்ம ஏரி ஓரத்து முழங்கால் தண்ணியில தூண்டில் போடப் போறேங்குறியே, அங்கதான் குறட்டையை நிறுத்திச் சிரிக்க வேண்டியதாப் போச்சு. அந்நேரம் அந்தத் தண்ணிக்கு மீனு வராது. தப்பித் தவறி வந்தா நீ தூண்டில் கொண்டு போக வேண்டாம், உப்பும் மொளகாத்தூளும் போதும், வெந்தே இருக்கும்.

அங்க வசந்தம்னா ஏரி திறக்குது. இங்க மூடுது. மேட்டூரை ஜனவரி 28-ஓட அடைச்சிருவாங்க. புள்ளம்பாடி வாய்க்கால் பாயுற ஏரிக்கெல்லாம் அதுக்கப்புறம் வரத்து கிடையாது. பெரம்பலூர்ப் பக்கத்து ஏரிங்களுக்குப் பச்சைமலையில பெய்யுற மழையும் ஐப்பசி கார்த்திகை அடைமழையுந்தான் கதி. மாசி வந்தா வத்த ஆரம்பிக்கும், பங்குனியில கால்வாசி நிக்கும், சித்திரையில எருமை படுக்குற அளவுக்கு இருந்தா பாக்கியம். ஏரி பூராவும் திரிஞ்ச மீனு அத்தனையும் அந்தக் கால்வாசியில நெருக்கியடிச்சுக்கிட்டு நிக்குது. அப்ப பிடிக்கிறது சுலபந்தானேன்னு கேப்ப. நெருக்கத்துல நிக்கிறவனுக்குப் பசி எடுக்காதுடா, மூச்சு முட்டும். பனி உருகுற தண்ணியில லிட்டருக்குப் பதினாலு மில்லிகிராம் பிராணவாயு கரைஞ்சிருக்கும்னா, முப்பது டிகிரித் தண்ணியில ஏழரைதான் தங்கும். அதுலயும் ராவெல்லாம் பாசியும் செடியும் அந்தக் காத்தையே உறிஞ்சிரும். அதனாலதான் கோழி கூப்பிடுற நேரத்துக்கு மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்கும். பாத்தவுடனே உனக்கு நாக்கு ஊறும். இரை போட்டா திரும்பிக்கூடப் பாக்காது. பொழுது கிளம்பிப் பனைமர உசரம் வரட்டும், பாசி மறுபடி மூச்சு விட ஆரம்பிக்கும், அதுக்கப்புறம் ஒரு ரெண்டு மணி நேரம் மேயும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் இன்னொரு மேய்ச்சல். நடுவுல உள்ள நேரத்துக்குத்தான் ஆண்டவன் வேப்பமரத்தையும் கயித்துக் கட்டிலையும் படைச்சிருக்கான்.

இடம் சொல்றேன் கேளு. உன் பெட்டியில தண்ணிக்கடியில ஆழம் காட்டுற மெஷினு ஒண்ணு இருக்குன்னியே, அதை எடுக்காத, பாட்டரிய மிச்சம் பண்ணு. ஏரி காஞ்சு கெடந்த வருஷம் நீயும் உன் சேக்காளிங்களும் அதுக்குள்ளதானே கிரிக்கெட் ஆடுனீங்க? பிட்ச் எங்க இருந்துச்சு? பெரிய மதகுக்கு நேரா, கருவேல மரத்துக்குக் கிழக்கால. பந்து போடுறவன் ஓடி வர்ற பக்கத்துல வண்டல் மண்ணு அள்ளுன குழி ஒண்ணு இருந்துச்சு, பந்து உள்ள போனா நீதானே எறங்கி எடுப்ப, மத்தவனெல்லாம் பாம்பு இருக்கும்னு நிப்பான். உன் தலை மறையுற ஆழம். அந்தக் குழியிலதான் இன்னைக்கு ஏரியோட பெரிய கட்லாவெல்லாம் குடியிருக்கு. நீ சிக்ஸர் அடிச்சுப் பந்து தொலைஞ்ச முள்ளுக்காட்டுல கெளுத்தி. ஸ்டம்புக்குப் பின்னால ஒரு பழைய வாய்க்கால் தடம் ஓடுமே, கால் இடறி விழுவியே, தண்ணி இறங்க இறங்க மீனு அந்தத் தடம் வழியாத்தான் மதகுப் பள்ளத்துக்கு நகரும். தூண்டில்காரனுக்கு ஏரியோட அடிவயிறு தெரியணும். அதைப் பாக்க ஆண்டவன் உனக்கு ஒரு கோடை முழுக்க வாய்ப்புக் குடுத்தான், நீ ரன்னு எண்ணிக்கிட்டிருந்த.

இன்னொண்ணு, காத்து. பங்குனி சாயங்காலத்துல தென்காத்து எடுக்கும். மெதக்குற பூச்சி பொட்டு, அவரைப்பூ, கருவேலம்பூ எல்லாத்தையும் வடகரைக்குத் தள்ளிக்கிட்டுப் போகும். மேல மேயுற மீனு அங்க வந்துரும். காத்து மூஞ்சியில அடிக்குது, சட்டை கலையுதுன்னு நீ தென்கரை நிழல்ல போய் உக்காந்தீன்னா சட்டை நல்லா இருக்கும்.

வடக்குன்னதும் ஒரு கூத்து நெனப்புக்கு வருது. நீ விட்டுட்டு வந்த குளிரு ஏரிங்க கணக்கா, திபெத்து, மங்கோலியா, லடாக்குப் பக்கத்து ஏரிங்களும் இப்பதான் உருக ஆரம்பிக்கும். அதைக் கேட்டுக்கிட்டு நம்ம கரைவெட்டி ஏரியில குளிர்காலம் பூராவும் தின்னு கொழுத்த வரித்தலை வாத்து மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு இமயமலையத் தாண்டிப் பறந்துரும். நீ அங்கேருந்து இங்க வர்ற, அது இங்கேருந்து அங்க போகுது. ரெண்டு பேர்ல யாருக்கு விவரம் அதிகம்னு நான் சொல்ல மாட்டேன். கரைவெட்டியில மீனு நிறைய இருக்குன்னு உன் சேக்காளி ஆசை காட்டியிருப்பான். 1999-லேருந்து அது பறவைகள் சரணாலயம், 2024-ல ராம்சர் பட்டியல்லயும் சேத்துட்டாங்க. அங்க மீன் பிடிக்க உரிமை நாரைக்கும் நீர்க்காக்காவுக்குந்தான். நீ தூண்டிலோட எறங்குனா வனத்துறை ஆளு உன்னைப் பிடிப்பாரு.

இப்ப இரை. பெட்டியில மினுமினுக்குற தகரத் துண்டெல்லாம் இருக்கே, அதைப் பாத்து கட்லா கண்ணு கூசி ஓடிரும். கட்லா மேல்தண்ணியில மேயும், ரோகு நடுத்தண்ணியில, மிர்கால் அடிமண்ணுல. நம்ம குத்தகைக்காரங்க மூணையும் சேத்து விடுறது அதுக்குத்தான், ஒண்ணோட சோத்துல ஒண்ணு கை வைக்காது. அண்ணன் தம்பிக்குள்ள நடக்காத காரியம். அதனால தக்கைய ஏத்தி எறக்கி எந்தத் தண்ணியில நரம்பு நிக்குதுன்னு பாத்துக்க. மைதா மாவுல கடலைப் புண்ணாக்கை இடிச்சுப் போட்டு, கையில ஒட்டாத பதத்துக்குப் பெசஞ்சு, கொட்டைப்பாக்கு அளவுக்கு உருட்டு. கெண்டை ஜாதிக்குத் தாடையில பல்லு கிடையாது, தொண்டைக்குள்ளதான் இருக்கு. உதட்டால தொட்டுத் தொட்டுப் பாக்கும். தக்கை ஆடுனவுடனே இழுத்தீன்னா உருண்டை மட்டும் அதுக்கு, முள்ளு மட்டும் உனக்கு. தக்கை படுத்து நகரணும், அப்பத்தான் சுண்டணும்.

ஜிலேபிக்கு இத்தனை சாஸ்திரம் வேண்டாம், மண்புழுவைக் காட்டுனாலே கூட்டமா வரும். 1952-ல நம்ம நாட்டுக்குள்ள கொண்டாந்து விட்டாங்க, இப்ப ஊர்ப் பஞ்சாயத்துல அதுக்குத்தான் மெஜாரிட்டி. பொட்டை முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வச்சிருக்கும், எவன் வந்து அழிக்கிறது? பிடி, தாராளமாப் பிடி. ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டுச்சுன்னா பாவம் பாத்துத் திரும்ப ஏரியில விட்றாத, அதை வளக்கவே தடை, இருக்குற நாட்டு மீனையெல்லாம் தின்னுரும். நாட்டுக் கெளுத்தியக் கழட்டுறப்ப ரெண்டு பக்கத்து முள்ளுலயும் கை படாம பாத்துக்க. பட்டுச்சுன்னா பொறுக்குற சூட்டுல வெந்நியில கைய வையி, கடுப்பு தணியும். போன்ல தேடிக்கிட்டு நிக்காத.

விரால் வேற சங்கதி. அதுக்கு வெளிக்காத்தை விழுங்கிச் சுவாசிக்கிற உறுப்பு தலைக்குள்ள இருக்கு. எவ்வளவு கலங்குன தண்ணியானாலும் அது கவலைப்படாது, ஏரி வத்துனா சேத்துக்குள்ள பூந்து படுத்துக்கும். ஆனா மூச்சுக்கு மேல வந்துதான் தீரணும். தாமரைக்கும் கோரைக்கும் நடுவுல 'பொளக்'னு ஒரு சத்தம் கேக்கும், வட்டம் விரியும். வட்டத்து மேலயே போடாத, அது போற திசைக்கு ரெண்டு முழம் முன்னால போடு. உன் பெட்டியில அந்த ரப்பர்த் தவளை பாத்தேன், பச்சையா, வயிறு மட்டும் மஞ்சளா, முள்ளை முதுகோட ஒட்டி மறைச்சிருக்கான். அதுதான்டா அந்தப் பெட்டியிலயே புத்தியோட செஞ்ச சாமான். கோரையில சிக்காம தத்தித் தத்தி வரும். விரால் அடிச்சதும் உடனே இழுக்காத, ஒரு வெத்தலை மடிக்கிற நேரம் விழுங்க விடு. ஊருக்குப் போறப்ப சாமான் எடை கூடுனா அந்தத் தவளைய இங்கயே மறந்து வச்சுட்டுப் போ, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.

ஒரே ஒரு கண்டிஷன். தண்ணி மேல செவப்பாக் குஞ்சுக்கூட்டம் கொதிக்கிறதைப் பாத்தீன்னா அங்க தவளைய எறியாத. ஆத்தாளும் அப்பனும் கீழயே காவல் நிக்கும், குஞ்சுக்கிட்ட எது வந்தாலும் பாய்ஞ்சு கடிக்கும். பசிக்காகக் கடிக்கிறது இல்ல அது. அந்த ஒண்ணைத் தூக்குனா அத்தனை குஞ்சும் ஜிலேபிக்குச் சோறு. கனடாக்காரன் சட்டம் போட்டுச் செய்யுறதை நம்ம ஆளு வெக்கப்பட்டுச் செய்யணும்.

பனையேறிக் கெண்டை கிடைச்சா பைய இறுக்கிக் கட்டு, செவுளை ஊனி ஊனி நடந்தே போயிரும். தரங்கம்பாடியில இருந்த டால்டார்ஃப்னு ஒரு டேனிஷ் அதிகாரி, அந்த மீனு பனைமரத்துல அஞ்சடி உசரத்துக்கு ஏறி நின்னதைக் கண்ணால பாத்தேன்னு எழுதி, 1797-ல லண்டன்ல அச்சே போட்டாங்களாம். தரையில ஊர்ந்து போறது நெசம், மரம் ஏறுறதை அதுக்கப்புறம் பெரிசா யாரும் நம்பல. பனைமரத்தடிக்கு அவரு எதுக்குப் போனாருன்னு யாரும் கேக்கலையே, அதுதான் என் விசாரம்.

சுண்ணாம்புக்கல் தோண்டிப் போட்ட பள்ளத்துல தண்ணி நீலமா நிக்குதுன்னு அரியலூர்ப் பக்கம் ஓடாத. செங்குத்துக் கரை, கால் வழுக்குனா பிடிக்கப் புல்லுகூட இருக்காது. அந்தப் பக்கத்துல பெரிய மீனெல்லாம் எப்பவோ பிடிபட்டாச்சு. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால இங்க கடல் இருந்தப்ப நீந்துன சுறாவோட பல்லு காரைங்குற ஊரு மண்ணுல கெடக்குது. பாக்கணும்னா வாரணவாசி அருங்காட்சியகத்துக்குப் போ, தூண்டில் வேண்டாம். கொள்ளிடத்துக்கும் தனியாப் போகாத. மேல பாக்க முட்டளவு தண்ணி, மணல் அள்ளுன குழி அடியில வாயைத் தொறந்துக்கிட்டு இருக்கும். நீச்சல் தெரிஞ்சவனையே முழுங்கியிருக்கு.

எல்லாத்துக்கும் மேல, ஏரிய ஏலத்துல எடுத்தவரு யாரு தெரியுமா உனக்கு? தெரியாது. அங்க லைசென்சு எடுத்துட்டுத்தான் கம்பைத் தொடுவேன்னு பெருமை அடிச்சியே, இங்க அந்த லைசென்சு அவரு வாயிலதான் இருக்கு. காலையில டீக்கடையில பாத்து, "மாமா, பொழுதுபோக்குக்கு ரெண்டு மீனு பிடிச்சுக்கட்டுமா"ன்னு கேளு. மாமான்னு சொல்லு, சாருன்னு சொல்லிறாத, வெளியூருக்காரன்னு நெனச்சுக் காசு கேப்பாரு. டீக்காசை நீயே குடு. பெட்டிய எடுத்துக்கிட்டுப் போகாத, அதைப் பாத்தா குத்தகைத் தொகையிலேயே பங்கு கேப்பாரு. வெடி, மருந்துன்னு எவனாச்சும் பேச்செடுத்தா அந்த இடத்துலயே எந்திரிச்சு வந்துரு. அதெல்லாம் குத்தம்னு வெள்ளைக்காரன் 1897-லயே சட்டம் எழுதி வச்சுட்டான்.

விரால் கிடைச்சுதுன்னா வீட்டுக்குள்ள கொண்டாந்து உங்க அப்பாயி முன்னால நீட்டாத. வழவழன்னு இருக்கும், கையில நிக்காது. அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசி, கிணத்தடிச் சொரசொரப்புக் கல்லுல தேச்சு, கொழகொழப்புப் போனப்புறம் உள்ள கொண்டு போ. பங்குனி மாங்காய் புளிப்பு ஏறித் தொங்குது, நாலு துண்டு குழம்புல போடச் சொல்லு, புளியக் கொறச்சுக்கச் சொல்லு. நடுத்துண்டு உனக்கு, வால் துண்டு உங்கப்பனுக்கு. தலைய எனக்கு ஒதுக்கச் சொல்லிரு. பல்லு இல்லாத கிழவனுக்குத் தலை எதுக்குன்னு அவ கேப்பா. கேக்கட்டும், நீ வாயைத் தொறக்காத.