அணி மாறிய கப்பித்தான்

2000-ஆம் ஆண்டு கனடாவின் கால்கரி ஃப்ளேம்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அணி, மார்ட்டின் செயின்ட் லூயி என்ற ஆட்டக்காரரைப் “போயிட்டு வாங்க” என்று அனுப்பிவைத்தது. உயரம் ஐந்தடி எட்டங்குலம். ஆறடி ஆட்கள் முட்டி மோதுகிற ஆட்டத்தில் இந்தப் பொடியனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர்கள் கணக்கு. டாம்பா பே அணி எடுத்துக்கொண்டது. 2004-ல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் அவர்தான். ஸ்டான்லி கோப்பையும் டாம்பாவுக்கே போனது. இறுதிப் போட்டியில் தோற்ற அணி? சாட்சாத் கால்கரிதான்.

வட அமெரிக்காக்காரர்கள் இதை அதிசயமாகச் சொல்லலாம். குமரிக் கடற்கரை மணவாளக்குறிச்சிக்காரர்களிடம் எடுபடாது. மண்டைக்காட்டைத் தாண்டினால் குளச்சல். அங்கே 1741-லேயே இந்த ஆட்டத்தை ஆடி முடித்துவிட்டோம்.

முதலில் எதிரணியைப் பார்ப்போம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1602-ல் தொடங்கியது. சொந்தக் கப்பல், சொந்தப் பீரங்கி, சொந்தக் கொடி எல்லாம் உண்டு. கண் மட்டும் நம் நல்லமிளகின் மேல். திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மாவோ அண்டை அயல் சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கி, மிளகு விளையும் நிலத்தையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். இலங்கையில் கம்பெனியின் கவர்னராக இருந்த வான் இம்ஹாஃப் 1739-ல் நேரில் வந்து, படை எடுப்போம் என்று மிரட்டினார். அப்படியானால் நாங்களும் ஐரோப்பாவுக்கு வர யோசிக்க வேண்டியிருக்கும் என்று ராஜா பதில் சொன்னதாகக் கதை. கையிலிருந்த கடற்படை கட்டுமரம். வாய்க்கு மட்டும் பஞ்சமில்லை.

கம்பெனி சொன்னபடியே 1741-ல் குளச்சலில் இறங்கியது. கோட்டாறு வரை கொள்ளையடித்தது. பத்மநாபபுரத்தையும் ஒரு கை பார்க்கலாம் என்று கிளம்பியது. பிறகு ராஜாவின் படை வந்து, அவர்களைக் குளச்சலிலேயே அடைத்துப் போட்டது. முக்குவர்கள் துடுப்பைத் துப்பாக்கிபோலத் தோளில் சாத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள், மாட்டு வண்டியில் ஏற்றிய பனந்தடியைப் பீரங்கி என்று நம்பிக் கம்பெனிக்காரன் பயந்தான் என்று கடற்கரையில் ஒரு கதை உண்டு. பனைக்கும் ஒரு பதக்கம் கிடைக்கட்டும் என்று யாரோ சேர்த்திருக்கலாம். ஆனால் உண்மையில் நடந்ததும் அதற்குச் சளைத்ததல்ல: ராஜாவின் பீரங்கிக் குண்டு ஒன்று வெடிமருந்தில் விழ, மருந்தோடு அரிசி மூட்டைகளும் எரிந்து போயின. சுடவும் வழியில்லை, பொங்கவும் வழியில்லை. பட்டாவியாவிலிருந்து ஆள் வருவார்களா என்றால், அங்கே 1740-ல் சீனர்களைக் கொன்று குவித்துவிட்டு, அதன் விளைவான ஜாவா யுத்தத்தில் தலைமையகமே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. ஆகஸ்டில் சரண்.

பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். 1715-ல் இன்றைய பிரான்சின் அர்ராஸ் ஊரில் பிறந்தவர், வயது இருபத்தைந்து. ஊர்க்கதை அவருக்கு அட்மிரல் பதவியே கொடுத்திருக்கிறது. அட்மிரலாக இருந்தால் கரையில் அரிசிக்குத் தவித்திருக்க மாட்டார். கத்தோலிக்கர், கம்பெனியோ சீர்திருத்தச் சபைக்காரர்களுடையது. பெஞ்சில் உட்கார அந்த ஒரு தகுதியே போதும். அவர்கள் சரணடையும் காட்சியை வரைந்து பத்மநாபபுரம் அரண்மனையில் மாட்டியிருக்கிறார்கள். தோற்றவன் படம் ஜெயித்தவன் வீட்டுச் சுவரில் தொங்குவது உலக வழக்கம். தோற்றவனுக்கே அந்த வீட்டில் உத்தியோகம் போட்டுக் கொடுத்ததுதான் புதுசு.

அந்த நேர்காணல் எந்த ஏட்டிலும் இல்லை. ஆகவே நாமே நடத்திவிடலாம்.

“உமக்கு என்ன தெரியும் வேய்?”

“அணிவகுப்பு தெரியும். துப்பாக்கி, பீரங்கி, கோட்டை கட்டுவது தெரியும், மகாராஜா.”

“கம்பெனியில உமக்கு என்ன வேலை தந்தாவ?”

“மிளகு மூட்டைக்குக் காவல்.”

ராஜா சிரித்திருப்பார். மறுநாளே மெய்க்காவல் படையைப் பயிற்சிக்கு அனுப்பியிருப்பார்.

இனி வருவது கற்பனையல்ல. மெய்க்காவல் படையில் தொடங்கிய பயிற்சி மொத்தப் படைக்கும் பரவியது. பழைய உதயகிரிக் கோட்டை அவர் கைபட்டுக் கருங்கல்லில் நிமிர்ந்தது. உள்ளே பீரங்கி வார்க்கும் பட்டறை வந்தது. வட்டக்கோட்டையும் வலுப்பெற்றது. 1746-ல் காயங்குளம் விழுந்தது. ஒரு கைதி படிப்படியாக ஏறி “வலிய கப்பித்தான்” ஆனார், அதாவது படைக்கே தலைவர். 1753-ல் மாவேலிக்கரையில் கம்பெனி உட்கார்ந்து உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டது: இனி உங்கள் சண்டையில் தலையிட மாட்டோம். பழைய முதலாளி கைகட்டி நின்ற அந்தக் காலத்தில் திருவிதாங்கூர்ப் படையை நடத்திக்கொண்டிருந்தவர், அவர்களுடைய பழைய ஆள். செயின்ட் லூயிக்கு நான்கு வருஷம் பிடித்தது, டி லனாய்க்குப் பன்னிரண்டு. விமானம் இல்லாத காலம், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

குளச்சல் மீன் சோற்றில் அவருக்குத் திடீரென்று மூளை வளர்ந்துவிடவில்லை. அவர் அறிந்த வித்தையைக் கம்பெனியில் ஒவ்வொரு கப்பலிலும் ஒரு கூட்டம் அறிந்திருந்தது. அங்கே அவர் கூட்டத்தில் ஒரு தொப்பி. திருவிதாங்கூரில் அதே வித்தைக்கு ஆளே இல்லை. டொமினிக் ஹாஷெக் என்ற செக் கோல்கீப்பர் சிகாகோ அணியில் எட் பெல்ஃபருக்குப் பின்னால் நிழலாக நின்றார். 1992-ல் பஃபலோவுக்குப் போனார். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் செக் நாட்டுக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் அவர்தான். கோல் கம்பத்தில் இரண்டு பேர் நிற்க முடியாது. இது ஹாக்கிக்கு மட்டும் உள்ள விதியல்ல, சர்க்கார் ஆபீசுக்கும் பொருந்தும்.

இடம் மாறினால் மதிப்பும் மாறும் என்பதை நம்பாதவர்கள் மணவாளக்குறிச்சி மணலைக் கேட்கட்டும். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டிக்கொண்டு போன மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதை 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். இங்கே தட்டிவிட்ட தூசி, அங்கே விளக்கு. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ் ஏற்றியவர்களுக்குத் தெரியும்: பை மாதிரி ஒரு துணி வலையைக் கட்டிக் கொளுத்தினால் துணி கரிந்து போகும்; தொட்டால் பொடிந்துவிடும் வெள்ளைக் கூடு மட்டும் மிஞ்சும்; பம்ப் அடித்ததும் பந்தலே பளீர் என்றாகும். அந்த வெளிச்சம் தோரியத்தினுடையது. 1910-ல் ஷோம்பர்க் மணவாளக்குறிச்சியில் ஆலை வைத்தார்.

அந்த ஆலையிலும் ஒரு பெஞ்சு இருந்தது. மோனசைட்டைப் பிரித்து எடுத்தபின் மிஞ்சும் இல்மனைட் என்ற கருமணலை ஒதுக்கித் தள்ளினார்கள். பிறகு மின்விளக்கு வந்து வாயு விளக்கை அணைத்தது; மோனசைட்டின் மவுசு குறைந்தது. வெள்ளைப் பெயின்டுக்கு டைட்டானியம் வேண்டும் என்று உலகம் கேட்க, 1920-களில் இல்மனைட் கப்பலேறியது. ஒதுக்கித் தள்ளிய கறுப்பன்தான் உலகத்துச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளை பூசினான்.

ஆனால் இடம் மாறியவர்களெல்லாம் ஜெயித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். முதல் உலகப் போர் வந்ததும் ஷோம்பர்க்கை ஜெர்மன் உளவாளி என்று பிடித்து உள்ளே வைத்தார்கள். ஆலை லண்டன் கம்பெனிக்குப் போனது. பிடிபட்ட இரண்டு வெள்ளைக்காரர்களில் ஒருவரிடம் என்ன தெரியும் என்று கேட்டார்கள், மற்றவரிடம் எந்த ஊர் என்று கேட்டார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

டி லனாயின் வெற்றியும் இலவசமாகக் கிடைத்ததல்ல. மகன் யோகன்னஸ் 1765-ல் களக்காட்டுச் சண்டையில் பத்தொன்பது வயதில் இறந்தான். அதற்குப் பிறகும், மார்த்தாண்ட வர்மாவுக்கு அடுத்து வந்த தர்மராஜாவின் கீழ் வேலை பார்த்தார். அந்த ராஜாவின் காலத்தில் வடக்கு எல்லையில் நெடுங்கோட்டையும் எழுப்பினார். 1777 ஜூன் 1-ல் உதயகிரியில் காலமானார். கோட்டைக்குள் இருக்கும் தேவாலயத்தில் அவர் கல்லறை. மேலே லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. புலியூர்க்குறிச்சிப் பக்கம் போகிறவர்கள் எட்டிப் பார்க்கலாம்.

தேர்வாளர்களுக்கும் மேனேஜர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பவனை அனுப்புமுன் “உமக்கு என்ன தெரியும் வேய்?” என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள். கேட்கக் காசு செலவில்லை. கேட்காத கம்பெனி 1799-ல் கடனோடு கடையைச் சாத்தியது.